செத்தது ஓரம் மட்டும்தான்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவுக்கு அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு கோடிங் இல்ல, ஏஐ இல்ல, வேலை மாறுறது பத்தின புலம்பலும் இல்ல. இன்னிக்கு ஒரு பழைய ஸ்பீக்கரைக் கழட்டப் போறோம். கையில ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தா நல்லது. இல்லன்னாலும் பரவாயில்ல, பஸ்ல போய்க்கிட்டே கேளுங்க.

போன தடவை நான் போகிற போக்குல, "எங்க வீட்டுல ரெண்டு ஜோடி பழைய ஸ்பீக்கரைத் திரும்பப் பாட வெச்சேன்"னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "தாத்தா வாங்கின ஸ்பீக்கர் ஒண்ணு பரண்ல கிடக்கு, அது கரகரங்குது. பழைய இரும்புக் கடையில போட்டுடலாமா?" என் பதில்: போடாதீங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் அதைப் பாருங்க. அந்த அரை மணி நேரத்துல என்ன பாக்கணும்ங்கறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துடுவோம். செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு பேர் 1925-ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில ஒரு ஒலிபெருக்கி செஞ்சாங்க. இன்னிக்கு உங்க காதுல மாட்டியிருக்கிற இயர்பட்ஸ் வரைக்கும் பெரும்பாலும் அதே தத்துவம்தான். ஒரு காந்தம். காந்தத்துக்கு நடுவுல ரொம்பக் குறுகலான ஒரு வட்ட இடுக்கு. அந்த இடுக்குல மிதக்கிற ஒரு கம்பிச் சுருள், அதுதான் காயில். காயிலோட ஒட்டின ஒரு காகிதக் கூம்பு, அதுதான் கோன். கரன்ட் மாற மாற காயில் முன்னயும் பின்னயும் போகும், கோன் காத்தைத் தள்ளும், நமக்குப் பாட்டு கேக்கும்.

இப்போ கவனிங்க. கோன் அந்தரத்துல நிக்க முடியாது. யாராவது பிடிச்சுக்கணும். பின்பக்கம் காயிலுக்குப் பக்கத்துல, அலை அலையா மடிச்ச ஒரு துணி வட்டம் பிடிச்சுக்கும். அதுக்குப் பேரு ஸ்பைடர். முன்பக்கம் கோனோட விளிம்புக்கும் இரும்பு ஃப்ரேமுக்கும் நடுவுல ஒரு மெத்தான வளையம் பிடிச்சுக்கும். புத்தகத்துல சர்ரவுண்ட்னு சொல்வாங்க, மெக்கானிக்குங்க எட்ஜ்னு சொல்வாங்க, நான் ஓரம்னு சொல்றேன்.

இதுல காந்தம் சாகாது. பழைய ஸ்பீக்கர்ல பெரும்பாலும் இருக்கிற ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது, வீட்டுல இருக்கிற சூட்டுக்கு சக்தியும் இழக்காது. இரும்பு ஃப்ரேம் சாகாது. காகிதக் கோன் எலி கடிக்காத வரைக்கும் அம்பது வருஷம் தாங்கும். அளவுக்கு மீறி சவுண்டு வெச்சு எரிக்காத வரைக்கும் காயிலும் தாங்கும். மொத்த ஸ்பீக்கர்லயும் விலை கம்மியான பொருள் அந்த ஓரம். முதல்ல சாகறதும் அதுதான்.

ஏன்? 1970-கள்ல இருந்து நிறைய கம்பெனிகள் ஓரத்துக்குப் பாலியூரித்தேன் ஃபோம் போட ஆரம்பிச்சாங்க. லேசானது, மெத்துனு இருக்கும், கோனைத் தாராளமா ஆட விடும். ஆனா காத்துல இருக்கிற ஈரம் அந்த ஃபோமோட வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். வேதியியல்ல இதுக்கு நீராற்பகுப்புன்னு பேரு. ப்ளஸ் டூ ஞாபகம் இருக்கிறவங்க தலையாட்டலாம். பத்து வருஷம், பதினைஞ்சு வருஷம், நல்லா வெச்சிருந்தா இருபத்தஞ்சு வருஷம். அப்புறம் விரல் வெச்சா பிசுபிசுன்னு ஒட்டும், இல்ல, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உதிரும். இதுல நீங்க ஸ்பீக்கரைப் பயன்படுத்தினீங்களா இல்லையாங்கறது பெரிய விஷயமே இல்ல. பரண்ல சும்மா இருந்தாலும் உதிரும். எங்க திண்டிவனம் கடற்கரையில இருந்து ரொம்பத் தூரம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில துவைச்ச ஜீன்ஸ் மூணு நாள் ஆனாலும் காயாத ஊர். அங்க ஃபோம் எப்படிப் பிழைக்கும்?

என் முதல் ஜோடி புதுச்சேரி சண்டே மார்க்கெட்ல கிடைச்சது. காந்தி வீதியில ஞாயித்துக்கிழமை நடந்து போயிருக்கீங்களா? பழைய சட்டை, பழைய புத்தகம், பழைய மிக்ஸி, நடுவுல எப்பவாவது ஒரு ஜப்பான் பெட்டி. அங்க ஒருத்தர் ரெண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரை வெச்சிருந்தார். முன்னாடி துணியைத் தூக்கிப் பாத்தேன். ஓரம் சுத்தமா இல்ல. கோன் தனியா ஆடிக்கிட்டு இருக்கு. "பாடாது தம்பி. பெட்டி நல்ல மரம், பெட்டிக்கு மட்டும் காசு குடுங்க"ன்னார். ரொம்ப நேர்மையான மனுஷன். பெட்டிக்கு மட்டும் காசு குடுத்தேன்.

அந்த இடத்துலயே நான் பண்ணின சோதனை ரெண்டு. உங்களுக்கும் அதேதான்.

ஒண்ணு, ரெண்டு கட்டை விரலையும் கோன்ல எதிர் எதிரா வெச்சு, ஒரே அளவு அழுத்தம் குடுத்து, மெதுவா உள்ள தள்ளி விடணும். காதை பக்கத்துல வெச்சுக்கணும். சத்தமே இல்லாம போயிட்டு வந்தா காயில் நல்லா இருக்கு. கரக் கரக்னு உரசினா காயில் கோணியிருக்கு, இல்ல இடுக்குல குப்பை இருக்கு. ஓரம் முழுசா போயிருந்தா கோன் ஒரு பக்கமா சாஞ்சு சும்மாவே உரசும், அதனால கோனை நடுவுல பிடிச்சுக்கிட்டு பாக்கணும்.

ரெண்டு, மல்டிமீட்டர்ல ஓம் பாக்கணும். 8 ஓம்னு எழுதியிருக்கிற ஸ்பீக்கர் மீட்டர்ல ஆறு ஓம் பக்கம் காட்டும். அது சரிதான், பயப்படாதீங்க. எட்டுங்கறது ஏசி கணக்கு, மீட்டர் காட்டறது டிசி. 4 ஓம்னா மூணு, மூணரை வரும். ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்துபோச்சு. அப்போ கதை வேற.

உரசல் இல்ல, ஓம் சரியா இருக்கு, ஓரம் மட்டும் போச்சு. இதுதான் பத்துல பெரும்பாலான பழைய ஹைஃபை ஸ்பீக்கரோட நிலைமை. இதுக்கு என்ன பண்ணணும்? ஓரத்தை மட்டும் மாத்தணும். இவ்வளவு எளிமையா இருக்கிறதை ஏன் ஒரு எபிசோடா இழுக்கிறேன்னா, நம்ம ஊர்ல இது நடக்கறதில்ல. நம்ம ஊர்ல நடக்கறது ரீகோன்.

விழுப்புரம் பக்கம் ஒலிபெருக்கின்னா முதல்ல மைக் செட். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனவங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழா, தெருக்கூத்து, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். வருஷம் முழுக்க யாரோ எங்கயோ செட் போட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. அந்த ஸ்பீக்கருங்க எரியும், கிழியும், மழையில நனையும். அதைச் சரி பண்ற கடைகள் இங்க இருக்கு. அவங்க வேலை: பழைய கோன், காயில், ஸ்பைடர் எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, அந்தச் சைஸுக்கு ஒரு புது கிட் ஒட்டறது. ராத்திரி திருவிழான்னா சாயங்காலத்துக்குள்ள கையில குடுத்துருவாங்க. அந்த வேகத்தைப் பாத்து நான் அசந்து போயிருக்கேன்.

ஆனா அந்தக் கிட் மைக் செட்டுக்கானது. அதோட ஓரம் பெரும்பாலும் மடிச்ச காகிதம், இல்ல பசை ஏத்தின துணி. விறைப்பா இருக்கும். திறந்தவெளியில ஆயிரம் பேருக்குக் கேக்கணும், அதுக்கு விறைப்பு நல்லது. வீட்டு ஸ்பீக்கருக்கு அதே விறைப்பு எமன்.

இதுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும். 1954-ல எட்கர் வில்ச்சர்னு ஒரு அமெரிக்கர், ஏஆர்-1னு ஒரு ஸ்பீக்கர் கொண்டு வந்தார். அதுவரைக்கும் நல்ல பாஸ் வேணும்னா பெட்டி பீரோ சைஸ்ல இருக்கணும். வில்ச்சர் என்ன பண்ணார்னா, கோனைப் பிடிச்சிருக்கிற ஓரத்தையும் ஸ்பைடரையும் தொளதொளன்னு ஆக்கிட்டு, பெட்டியைக் காத்துப் போகாம அடைச்சார். உள்ள மாட்டின காத்தே ஸ்ப்ரிங் மாதிரி வேலை செய்யும். காத்து, துணியையும் ரப்பரையும் விட ஒழுங்கான ஸ்ப்ரிங். அதனால சின்னப் பெட்டியில பெரிய பாஸ், அதுவும் சுத்தமா வந்துச்சு. புத்தக அலமாரியில வெக்கிற சைஸ்ல ஹைஃபை வந்ததுக்கு அந்த யோசனை ஒரு பெரிய காரணம்.

அப்போ அந்த மாதிரி ஸ்பீக்கர்ல ஓரம் தொளதொளன்னு இருக்கிறதுதான் டிசைனே. அங்க போய் விறைப்பான காகித ஓரத்தை ஒட்டினா? கோனோட இயல்பான அதிர்வெண் ஏறிடும். 35 ஹெர்ட்ஸ்ல ஆடவேண்டியது 70 ஹெர்ட்ஸுக்குக் கிட்ட போயிடும். சத்தம் வரும், நல்லா பலமாவே வரும். ஆனா மிருதங்கத்தோட தொப்பி போயிடும், பேஸ் கிட்டார்ல கீழ்ஸ்வரங்கள் காணாமப் போகும். கடைக்காரர் ஏமாத்தல. அவருக்குத் தெரிஞ்ச வேலையைச் சரியா பண்ணிட்டார். நாம கேட்டது வேற, அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைல் கெட்டுப்போன கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிச்சு வேற ஓஎஸ் போட்டுக் குடுக்கிற மாதிரி. ஆன் ஆகும். ஆனா அது உங்க கம்ப்யூட்டர் இல்ல.

அதனால வரிசை முக்கியம். எது செத்துச்சுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அதை மட்டும் மாத்துங்க. கம்பெனி போட்ட கோனையும் காயிலையும் கடைசி வரைக்கும் விடாதீங்க.

சரி, ஓரம் மாத்தறது எப்படி? அளவுல ஆரம்பிக்கும். "8 இன்ச் ஃபோம் ரிங் குடுங்க"ன்னு கேட்டா கிடைக்கும், ஆனா பொருந்தாது. எட்டு இன்ச்சுங்கறது ஜாதகப் பொருத்தம் மாதிரி, பேருக்குத்தான். மில்லிமீட்டர்ல நாலு அளவு எடுங்க: கோனோட வெளி விட்டம், ஃப்ரேம்ல ஓரம் ஒட்டற இடத்தோட உள் விட்டம், வெளி விட்டம், அப்புறம் நடுவுல மேடா வளைஞ்சிருக்கிற பகுதியோட அகலம். இந்த நாலோட சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அலையலாம், ஆன்லைன்ல தேடலாம். ஜோடி சில நூறு ரூபாயில முடியற விஷயம்.

பழைய ஃபோமைச் சுரண்டி எடுக்கறதுதான் மொத்த வேலையிலயும் சலிப்பான பகுதி. ஒரு படம் ஓட விட்டுக்கிட்டு உக்காருங்க. ஃப்ரேம்ல இருக்கிற பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால தேய்ச்சு எடுக்கலாம். காகிதக் கோன் மேல ரொம்பக் கொஞ்சமா, ஊற விடாம. தின்னர் கிட்டயே போகாதீங்க, முக்கியமா பிளாஸ்டிக் கோன்ல.

பசை: தண்ணி கலந்த, காய்ஞ்சா கண்ணாடி மாதிரி தெளிஞ்சு, ரப்பர் மாதிரி வளையற வெள்ளைப் பசை. ஃபோம் கிட்டோட பெரும்பாலும் அதுவே வரும். செருப்பு ஒட்டற மஞ்சள் பசை வேண்டாம், அதுல இருக்கிற கரைப்பான் சில ஃபோமைத் தின்னுடும். ஒட்டின அடுத்த நொடி பிடிச்சுக்கிற ரகப் பசையும் வேண்டாம். நமக்கு நகர்த்திப் பாக்க அஞ்சு நிமிஷம் வேணும்.

முதல்ல ஓரத்தோட உள் விளிம்பைக் கோன்ல ஒட்டி முழுசா காய விடணும். அடுத்த நாள் வெளி விளிம்பை ஃப்ரேம்ல ஒட்டணும். இந்த ரெண்டாவது ஒட்டல்லதான் உயிர் இருக்கு. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்ல ஒரு சின்னப் பங்குதான். கோன் துளி நகர்ந்து ஒட்டினாலும் உரசும்.

நடுவுல நிறுத்த ரெண்டு வழி. ஒண்ணு, போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஆம்ப்ளிஃபயர் வழியா 30 ஹெர்ட்ஸ் சத்தத்தைச் சின்னதா ஸ்பீக்கருக்குக் குடுக்கறது. பசை ஈரமா இருக்கும்போதே கோன் ஆடும், உரசினா காதுல கேக்கும், ஓரத்தை அரை மில்லி இப்படி அப்படி நகர்த்தி, உரசல் நிக்கிற இடத்துல துணி கிளிப் போட்டு விட்டுடலாம். கோன் நடுவுல இருக்கிற மூடியை வெட்டாம முடியும். புது ஆளுங்களுக்கு இதுதான் நல்லது.

இன்னொரு வழியைச் சொல்றதுக்கு விழுப்புரம் போகணும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டு போயிருக்கலாம். போகல, அங்கயே நின்னுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல அரை மீட்டரை ஒட்டி மழை. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்துக்கிட்ட தண்ணி ஏறினதால ரயிலையே நிறுத்தினாங்க. விழுப்புரத்துல தாழ்வான தெருக்கள்ல வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சு. எங்க பெரியப்பா வீடும் அதுல ஒண்ணு.

தண்ணி வடிஞ்சதும் அந்தத் தெருவுல வாசலுக்கு வாசல் ஒரு குவியல். மெத்தை, அரிசி மூட்டை, பிள்ளைங்க நோட்டு, டிவி, மர ஸ்பீக்கர். பழைய இரும்பு எடுக்கிற வண்டி ஒரு நாளைக்கு நாலு தடவை வந்துச்சு. காந்தம் கனமா இருக்குமில்ல, ஸ்பீக்கரை அவங்க சந்தோஷமா எடுத்துக்குவாங்க. பெரியப்பாவோட ஜோடியும் வாசல்லதான் இருந்துச்சு. எண்பதுகள்ல வாங்கின இந்தியத் தயாரிப்பு, மூடின பெட்டி, 8 இன்ச் ஊஃபர். அந்தக் காலத்துல வெளிநாட்டு செட்டுன்னா துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ யாராவது கொண்டு வரணும், இல்ல பர்மா பஜார் போகணும். உள்ளூர்ல செஞ்ச ஹைஃபையும் சம்பளக்காரருக்குப் பெரிய செலவுதான். ரெண்டு வருஷம் சேத்து வெச்சு வாங்கினதா பெரியம்மா சொல்வாங்க.

"இதப் போயி எடுத்துக்கிட்டுப் போறேங்கிறியேடா, அடியில பாரு"ன்னார் பெரியப்பா. பாத்தேன். பெட்டியோட அடிப்பாகம் ஊறி, மரத்தூள் பலகை பன் மாதிரி உப்பியிருக்கு. ஊஃபர் கோன்ல பாதி உயரத்துக்குச் சேத்துக் கோடு.

வெள்ளத்துல நனைஞ்ச ஸ்பீக்கர்னா முதல் விதி: ஆன் பண்ணிப் பாக்காதீங்க. "பாடுதான்னு பாப்போம்"னு ஒரு நிமிஷம் போட்டாலும், இடுக்குல இருக்கிற சேறு காயிலோட வார்னிஷைச் சுரண்டிடும். உடனே ஊஃபரைக் கழட்டுங்க, வயர்ல எது பிளஸ்னு குறிச்சுக்குங்க. உள்ள இருக்கிற பஞ்சை எடுத்துத் தூரப் போடுங்க. அது சாக்கடைத் தண்ணி, பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி இழைப் பஞ்சா இருந்தா அரிக்கும், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்குங்க. கோனைத் தேய்க்காம துணியால ஒத்தி எடுங்க. நிழல்ல, ஃபேன் காத்துல காய விடுங்க. வெயில்ல வெச்சா காகிதம் முறுக்கிக்கும். மரத்தூள் பலகை ஒரு தடவை உப்பினா உப்பினதுதான், அது திரும்பாது.

ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா இடது ஊஃபர் உரசல் இல்லாம ஆடுது. வலது ஊஃபர் கரக் கரக். மூடியை வெட்டிப் பாத்தா இடுக்குல காய்ஞ்ச வண்டல், கூடவே கொஞ்சம் துரு. இதை நான் வீட்டுல தொட மாட்டேன்னு முடிவு பண்ணி, விழுப்புரத்துலயே மைக் செட் ரீகோன் பண்ற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன்.

"வீட்டு செட்டா தம்பி? எங்கிட்ட வர்றதெல்லாம் கோயில் செட்டு, பந்தல் செட்டு. புது கிட் போட்டா நாளைக்கே பாடும்."

"இல்லண்ணே, இதே கோன் இதே காயில் வேணும். பிரிச்சு சுத்தம் பண்ணி திரும்ப ஒட்டித் தர முடியுமா?"

என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்புறம் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "முடியும். ஆனா அதுக்குப் புதுசு போடற மாதிரி மூணு மடங்கு நேரம் ஆவும்"னார். ஆவட்டும்ணேன்னேன்.

அவர் பண்ணினது இது. ஓரம் ஏற்கனவே போயிருந்துச்சு. ஸ்பைடர் ஃப்ரேம்ல ஒட்டியிருக்கிற இடத்துல மட்டும் பிரஷ்ஷால தின்னரைச் சொட்டுச் சொட்டா விட்டு, பழைய பசை இளகினதும் மெல்லிய தகடு விட்டு நெம்பி, கோன், காயில், ஸ்பைடர் மூணையும் ஒண்ணாவே வெளிய எடுத்தார். காயில்ல ஒரு சுத்து கூட நகரல. இடுக்குக்குள்ள ஒட்டற டேப்பை மடிச்சு ரெண்டு பக்கமும் பசை இருக்கிற மாதிரி விட்டு, வண்டலையும் துருவையும் ஒத்தி ஒத்தி எடுத்தார். காந்தத்துக்கிட்ட ஊதினாலோ பிரஷ் போட்டாலோ இரும்புத் துகள் உள்ளயே சுத்தும், டேப்ல ஒட்டினாத்தான் வெளிய வரும்.

திரும்ப ஒட்டும்போதுதான் அந்த இன்னொரு வழி. பழைய எக்ஸ்ரே படத்தை மெல்லிசா நாலு பட்டையா வெட்டி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில நாலு பக்கமும் செருகினார். இப்போ காயில் அசைய முடியாது, மிகச் சரியா நடுவுல நிக்கும். ஸ்பைடரை ஒட்டி, ஓரத்தை ஒட்டி, மறுநாள் காய்ஞ்சதும் பட்டைகளை உருவிட்டு மூடியை ஒட்டணும். ஓரம் ஒட்டற வேலையை நான் கேட்டு வாங்கிப் பண்ணினேன், அவர் பக்கத்துல நின்னு பாத்தார். கூலி பேசும்போது, "ஃபோம் ரிங் எங்க வாங்கின தம்பி?"ன்னு அளவோட குறிச்சுக்கிட்டார். எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் பிடிச்ச இடம் அதுதான். இந்தக் கைத்திறமை விழுப்புரத்துல ஏற்கனவே இருக்கு. மெத்தான ஓரம் மட்டும்தான் இந்தப் பக்கம் வராம இருந்திருக்கு.

பெட்டி. இதுல இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு உபயோகம் கிடைச்சது. கார்பென்டர் அண்ணன் பழைய பெட்டியை வெளியில அளந்து, 18 மில்லி பிளைவுட்ல அப்படியே அடிச்சுத் தர்றேன்னார். பழைய பலகை 15 மில்லி. வெளி அளவு மாறாம பலகை தடிச்சா உள்ள இடம் குறையும். பெரியப்பா பெட்டியோட உள் அளவு 25க்கு 20க்கு 45 சென்டிமீட்டர், அதாவது 22.5 லிட்டர். ஒவ்வொரு பக்கமும் 3 மில்லி உள்ள வந்தா 21 லிட்டர்தான் மிஞ்சும். மூடின பெட்டியில காத்துதான் ஸ்ப்ரிங்னு சொன்னேன் இல்லையா, காத்து குறைஞ்சா ஸ்ப்ரிங் விறைக்கும், பாஸ் மறுபடி மேல ஏறும். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால்னு ரெண்டு பேர் அறுபதுகள்லயும் எழுபதுகள்லயும் இந்தக் கணக்கை எல்லாம் சமன்பாடா எழுதி வெச்சுட்டாங்க, இன்னிக்கும் ஸ்பீக்கர் டிசைன் அதுலதான் ஓடுது. அதனால கார்பென்டர்கிட்ட உள் அளவைத்தான் குடுக்கணும். வெளியில எவ்வளவு வந்தாலும் வரட்டும்.

பெட்டி காத்துப் போகாம இருக்கான்னு பாக்க, ஊஃபரை மெல்ல அமுக்கி விடுங்க. சோம்பேறித்தனமா, மெதுவா திரும்பி வரணும். டப்புனு வந்தா எங்கயோ ஓட்டை.

கிராஸ்ஓவர் பத்திச் சுருக்கமா. ட்வீட்டருக்கு முன்னாடி ஒரு கெபாசிட்டர் இருக்கும், பழைய செட்ல பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக். முப்பது வருஷத்துல உள்ள காய்ஞ்சு போயிடும், உச்ச சத்தம் மங்கிடும். அதே மதிப்புல ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்க. ரேடியோ கடையில பிளஸ் மைனஸ் போட்ட சாதா கெபாசிட்டரைக் குடுத்தா வாங்காதீங்க, இங்க நான்-போலார்தான் வேணும். ரெண்டு பெட்டியிலயும் ஒரே நேரத்துல மாத்துங்க. ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டா எப்படி இருக்கும்?

ஜோடின்னு சொல்றப்போ, மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை. ஒண்ணரை வோல்ட் பேட்டரியை ஊஃபர் வயர்ல ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டா ரெண்டு கோனும் ஒரே பக்கம் நகரணும். ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன போனா, பாஸ் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்.

அளக்கிற பைத்தியம் பிடிச்சவங்களுக்கு இன்னொண்ணு. 1000 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை ஊஃபரோட தொடரா போட்டு, போன்ல இருந்து 20 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. ஊஃபர் முனையில மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்ல வெச்சுப் பாருங்க. ஒரு இடத்துல எண் சட்டுனு உச்சத்துக்குப் போய் இறங்கும். அதுதான் அதோட இயல்பான அதிர்வெண். பெரியப்பாவோட இடது ஊஃபர் பெட்டிக்கு வெளிய 36 ஹெர்ட்ஸ், பிரிச்சு ஒட்டின வலது 39. மூணு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. அந்த எண்ணை ரீகோன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், ஒரு கட்டை விரல் மட்டும் வந்துச்சு.

பழையபடி ஆயிடுச்சான்னு கேட்டா, ஆகலன்னுதான் சொல்வேன். புது ஃபோமோட விறைப்பு கம்பெனி ஃபோமோட விறைப்பு கிடையாது. பிளைவுட் பெட்டி மரத்தூள் பெட்டி மாதிரி ஒலிக்காது. வலது கோன்ல அந்தச் சேத்துக் கோடு இன்னும் மங்கலா தெரியுது, அதை அழிக்க நான் முயற்சி பண்ணல. ஆனா கோன் அதேதான், காயில் அதேதான், காந்தம் அதேதான்.

முதல்ல என்ன போட்டோம்? நான் இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். 1986-ல வந்த ஆல்பம், அந்த ஸ்பீக்கருக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. வயலின் கூட்டமும் கீழ ஓடற பேஸும் தனித்தனியா கேக்குதான்னு பாக்க நல்ல ஆல்பம். பத்து நிமிஷம் கேட்டுட்டு பெரியப்பா எழுந்து போய் கேசட் பெட்டியைக் கொண்டு வந்தார். அதுவும் நனைஞ்சிருந்துச்சு. புயலுக்கு முன்னாடி பரண்ல வெச்சதுல இருபது பிழைச்சிருக்கு. "உன் வயலினை நிறுத்து"ன்னார்.

புது ஓரம் முதல் சில நாள் கொஞ்சம் விறைப்பா இருக்கும். வால்யூமைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்க. ஸ்பீக்கரைத் தரையில வெக்காதீங்க, ரெண்டடி உயரத்துல ஒரு ஸ்டாண்ட் அடிச்சு அதுல வெய்ங்க. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும், சவுண்டுக்கும் அதுதான் சரி. பெரியப்பா மூணடி கேட்டு அடிச்சிருக்கார்.

உங்க பரண் ஸ்பீக்கரைக் கழட்டினா போட்டோ அனுப்புங்க, ஓரம் தெளிவா தெரியற மாதிரி. அடுத்த எபிசோட்ல கேசட் டெக் பெல்ட். அந்த இருபது கேசட்டுக்காகத்தான். வரேன் மக்களே.